கட்டுச்சோறும் சாப்பாட்டு மேசையும்

 மகள் வீட்டிலிருந்து திரும்பி இரண்டு மாதமாகிறது. ஜெட்லாக், மழை, மூட்டுவலி எல்லாம் கடந்து இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். பதிவு நீளம். வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும். பொறுமையிருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள் கட்டாயம் படியுங்கள்.

மகளும் மாப்பிள்ளையும் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அக்டோபரில் நாலு நாள் விடுமுறை கிடைத்தது. "அப்பா, மிசிசிப்பி நதி வரைக்கும் காரிலேயே போய்ட்டு வரலாமா?" என்று மகள் கேட்டாள். ஆறு என்றால் எனக்குப் பைத்தியம். உடனே சரி என்றேன்.

விஷயம் கேள்விப்பட்டதும் என் துணைவியார் செய்த முதல் காரியம், புளிக்காய்ச்சல் கிளறியது. அடுத்த நாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இருபது. கார் டிக்கியில் பெட்டிகளைவிட டப்பாக்கள் அதிகம். "நாலு நாளைக்கு ஒருத்தர் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்" என்றார். குரலில் ஒரு பெருமை இருந்தது.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் சைவம். ஊரில் ராமேஸ்வரம் போனாலும் திருப்பதி போனாலும் எங்கள் குடும்பத்தில் கட்டுச்சோறுதான். வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, காசு வீண், யார் எப்படிச் சமைத்தார்களோ. இந்த மூன்று காரணங்களையும் சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். மூன்றாவது காரணத்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று அறுபத்தெட்டு வயதில், அலபாமாவில் ஒரு சின்ன ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் சாலையைப் பற்றி. அமெரிக்காவில் இன்டர்ஸ்டேட் என்று பெரிய நெடுஞ்சாலைகள் இருக்கின்றன. 1956இல் ஐசனோவர் அதிபராக இருந்தபோது வந்த சட்டத்தால் சுமார் 41,000 மைலுக்குத் திட்டமிட்டவை. சிக்னல் கிடையாது, குறுக்கே ஆடு மாடு கிடையாது, எழுபது மைல் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் ஊர் என்பதே கண்ணில் படாது. எக்ஸிட் எடுத்தால் ஒரு பெட்ரோல் பங்க், நாலு பெரிய கம்பெனிகளின் பர்கர் கடை. அடுத்த எக்ஸிட்டிலும் அதே நாலு. முந்நூறு மைல் போனாலும் ஒரே எக்ஸிட்டுக்கே திரும்பி வந்த மாதிரி இருக்கும். காலையில் அப்படி ஓர் ஓய்விடத்தில் நிறுத்தி, மர மேசையில் இட்லி சாப்பிட்டோம். சுத்தமான இடம்தான். ஆனால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதுகூடத் தட்டில் தெரியவில்லை.

நான்தான் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "மாப்ளே, பழைய ரோடு ஒண்ணும் இல்லையா? ஊருக்குள்ள போற மாதிரி?" அவர் போனில் பார்த்தார். "இருக்கு மாமா. ஹைவே 80. கொலம்பஸ்ல பிடிச்சா டஸ்கீகி, மான்ட்கமெரி, செல்மா வழியா மிசிசிப்பிக்குள்ள போயிடலாம். ஆனா நேரமாகும்." நேரம்தானே, ரிட்டயர்டு ஆளிடம் அது ஒன்றுதான் நிறைய இருக்கிறது என்றேன்.

அந்தச் சாலையில் திரும்பிய பிறகுதான் பயணம் ஆரம்பித்தது. ஒவ்வொரு ஊரிலும் நடுவில் ஒரு கோர்ட் கட்டடம், சுற்றிச் சதுரமாகக் கடைகள். பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு பார்பர் ஷாப், ஒரு சர்ச், இன்னொரு சர்ச், எதிரில் மூன்றாவது சர்ச். சாலை ஓரத்தில் ஒரு முதியவர் பெரிய அண்டாவில் வேர்க்கடலை அவித்து விற்றுக்கொண்டிருந்தார். தோலோடு, உப்புப் போட்டு அவித்த கடலை! நம்ம பஸ் ஸ்டாண்டில் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களே, அச்சாக அதே. ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் இது சாலையோரப் பண்டம். என் துணைவியார் அதை மட்டும் "இது பரவாயில்லை" என்று வாங்கிக்கொண்டார். முதல் பூட்டு அங்கே திறந்தது.

மதியம் ஓர் ஊரில் நிறுத்தினோம். ஊர் பெயர் சொல்லப்போவதில்லை. கடை பெயரும் வேண்டாம். சின்ன ஊர், சின்னக் கடை. அங்கே நான் சந்தித்த அம்மாவை யாரும் தேடிக்கொண்டு போக வேண்டாம் என்பதற்காக.

அந்தப் பக்கத்துச் சாப்பாட்டு முறைக்கு 'மீட் அண்ட் த்ரீ' என்று பெயர். ஓர் இறைச்சி, மூன்று தொடுகறி. பலகையில் அன்றைய பட்டியலைச் சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். பொரித்த கோழி, மீன், மாட்டிறைச்சி என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கீரை, பயறு, பூசணி, வெண்டைக்காய் என்று மூன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கூடவே மக்காச்சோள ரொட்டி. வேடிக்கை என்னவென்றால் சீஸ் போட்ட மக்ரோனியையும் காய்கறி வரிசையில் எழுதியிருக்கிறார்கள்! நான் மாணவர்களுக்கு மார்க் குறைத்திருப்பேன்.

இறைச்சி வேண்டாம், காய்கறி மட்டும் போதும் என்றால் 'வெஜிடபிள் பிளேட்' என்று நாலு காய் தருவார்கள். ஆனால் சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே கீரையையும் பயறையும் பன்றி எலும்போ கொழுப்போ போட்டு வேகவைப்பது வழக்கம். என் மகள் பரிமாறிய பெண்ணிடம் கேட்டாள். "கீரையில் இறைச்சி இருக்கிறதா?" அந்தப் பெண் அப்பாவியாகச் சொன்னார், "இல்லை ஹனி, ருசிக்குக் கொஞ்சம் பன்றி எலும்பு மட்டும்தான்." சிரித்து முடிக்க எங்களுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிறகு அவரே சமையலறைக்குள் போய்க் கேட்டு வந்து, எது எது சேராதது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வறுத்த வெண்டைக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தக்காளி, வெள்ளரிக்காய் சாலட். என் துணைவியாருக்கு ஒரு தட்டு நிரம்பிவிட்டது.

அந்த 'ஹனி' பற்றி ஒரு வார்த்தை. அங்கே பரிமாறுகிற பெண்கள் எழுபது வயதுக்காரரையும் ஹனி, பேபி என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு யோசித்தேன். எங்கள் ஊர் இட்லிக்கடை ஆத்தா என்னை இன்றைக்கும் "என்ன வேணும் ராசா" என்றுதானே கேட்கிறார்? அதேதான் இது.

வெண்டைக்காயும் காராமணியும் அங்கே எப்படி வந்தன தெரியுமா? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் ஆட்களைப் பிடித்து வந்தார்களே, அவர்களோடு வந்தவை. வெண்டைக்காய்க்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரே மேற்கு ஆப்பிரிக்கச் சொல். அமெரிக்கத் தெற்கின் சாப்பாடு என்று இன்று பெருமையாகச் சொல்வதில் பெரும்பகுதி, அந்த மக்களின் கையும் மூளையும் சேர்ந்து சமைத்தது. பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் மக்காச்சோள ரொட்டியைப் பிய்த்து ஒரு கிளாஸ் மோரில் போட்டு ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் துணைவியார் அதைப் பார்த்துவிட்டு என் காதில், "என்னங்க, நம்ம ஊர்க் கூழும் மோரும் மாதிரியே இருக்கே" என்றார். இரண்டாவது பூட்டு.

எங்களுக்குப் பக்கத்தில் கறுப்பின அம்மா ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது. துணைவியாரின் சேலையைப் பார்த்து "அழகாக இருக்கிறது" என்றார். பேச்சு ஆரம்பித்தது. அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை! நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவராம். உலகத்தில் எந்த மூலையிலும் இரண்டு வாத்தியார்கள் சந்தித்தால் முதல் பத்து நிமிஷம் இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றித்தான். எங்களுக்கும் அப்படித்தான்.

பேச்சுவாக்கில் மகள், "அம்மா நாலு நாளைக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார், இன்றைக்குத்தான் வெளியே சாப்பிட வைத்தோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு சொன்னார்.

"என் அம்மாவும் கட்டுவார். ஷூ பெட்டியில். டெட்ராய்ட்டில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு வருஷா வருஷம் காரில் போவோம். பொரித்த கோழி, அவித்த முட்டை, ரொட்டி, கேக். ஒரு தகர டப்பாவும் வைத்திருப்பார். எதற்கு என்று உங்களுக்குப் புரியும். வழியில் எங்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட ஆளில்லை. பாத்ரூம் கதவைத் திறந்துவிடவும் ஆளில்லை. நான் சின்னப் பெண். அதைப் பிக்னிக் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்கும்படி அம்மா பார்த்துக்கொண்டார்."

இவ்வளவுதான் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பிறகு தன் பீச் பழ இனிப்பில் ஒரு கரண்டியை எடுத்து என் துணைவியாரிடம் நீட்டி, "இதில் பன்றி இல்லை" என்றார். அவர் வாங்கிச் சாப்பிட்டார். நாற்பது வருஷ இல்வாழ்க்கையில், வேற்று மனிதர் தட்டிலிருந்து அவர் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. தெரிந்ததையும் புதிதாகப் படித்ததையும் உங்களுக்குத் தொகுத்துச் சொல்கிறேன்.

விக்டர் ஹியூகோ கிரீன் என்று ஒருவர். நியூயார்க் ஹார்லெம் பகுதிக்காரர், தபால்காரர். 1936இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். கறுப்பினத்தவர் காரில் பயணம் போனால் எந்த ஊரில் எந்த ஓட்டலில் சாப்பாடு கிடைக்கும், எந்த வீட்டில் தங்க இடம் தருவார்கள், எந்தப் பங்கில் பெட்ரோல் போடுவார்கள் என்று பட்டியல். 'கிரீன் புக்' என்று பெயர். முப்பது வருஷம் வந்தது. இப்படி ஒரு புத்தகம் தேவைப்படாத நாள் வர வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. தன் புத்தகம் விற்காமல் போக வேண்டும் என்று ஆசைப்பட்ட பதிப்பாளர்! அந்த நாளைப் பார்க்காமலே 1960இல் இறந்துவிட்டார்.

அதே 1960, பிப்ரவரி 1. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ ஊரில் நாலு கல்லூரி மாணவர்கள் ஒரு கடையின் சாப்பாட்டுக் கவுன்டரில் போய் உட்கார்ந்தார்கள். வெள்ளையருக்கு மட்டுமான இருக்கைகள் அவை. காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. அடுத்த நாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஊர் ஊராகப் பரவியது. உட்கார்வதே போராட்டமாக இருந்த காலம்.

1964 ஜூலை 2இல் குடியுரிமைகள் சட்டம் வந்தது. ஓட்டலிலும் விடுதியிலும் நிறம் பார்த்து மறுக்கக் கூடாது என்றது. உடனே இரண்டு பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒருவர் அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட மோட்டலின் முதலாளி. இன்னொன்று பர்மிங்ஹாமில் 220 இருக்கைகள் கொண்ட பார்பிக்யூ கடை. அந்தக் கடையில் வேலை பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கறுப்பினத்தவர். சமைக்கலாம், பரிமாறலாம், பாத்திரம் கழுவலாம். சாப்பிட வந்தால் உட்காரக் கூடாது, வாங்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். டிசம்பர் 14இல் உச்சநீதிமன்றம் இரண்டு வழக்கிலும் முதலாளிகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. காரணம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கடை வாங்கும் இறைச்சி வெளி மாநிலத்திலிருந்து வருகிறது, எனவே இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம், எனவே நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்றார்கள். மனிதனுக்கு நாற்காலி கிடைத்தது, இறைச்சி எல்லை தாண்டி வந்த புண்ணியத்தில்!

மான்ட்கமெரியில் ஜார்ஜியா கில்மோர் என்று ஓர் அம்மா. சமையல்காரர். 1955இல் பஸ் புறக்கணிப்பு ஆரம்பித்தபோது பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் சாப்பாடும் செய்து விற்று, அந்தப் பணத்தைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். நீதிமன்றத்தில் துணிந்து சாட்சி சொன்னார், வேலை போயிற்று. பிறகு தன் வீட்டிலேயே சமைத்துப் போட்டார். மார்ட்டின் லூதர் கிங்கும் அந்த வீட்டு மேசையில் சாப்பிட்டவர்தான். பொரித்த கோழியும் ஒரு போராட்ட ஆயுதமாக இருந்திருக்கிறது.

நாங்கள் போன அதே 80ஆம் எண் சாலையில்தான், 1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மான்ட்கமெரிக்கு 54 மைல் நடந்தார்கள், ஓட்டுரிமைக்காக. மார்ச் 7இல் செல்மா பாலத்தில் போலீஸ் அடித்து விரட்டியது. 21ஆம் தேதி மறுபடி புறப்பட்டு 25இல் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் லவுன்ட்ஸ் கவுன்டியில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஓட்டுக்குப் பெயர் பதிந்ததற்காக நிலத்தைவிட்டு விரட்டப்பட்ட குத்தகை விவசாயிகள் கூடாரம் போட்டுக் கிடந்த இடம் அது. ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.

இதெல்லாம் நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். 1965 அக்டோபர் 3. நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்து, இந்தியர்களுக்கும் மற்ற ஆசியர்களுக்கும் அமெரிக்கக் குடியேற்றத்தைத் திறந்துவிட்ட சட்டம் கையெழுத்தான நாள். அதே குடியுரிமைப் போராட்டத்தின் அலையில் வந்த சட்டம். அந்தப் பாலத்தில் அடி வாங்கியவர்களுக்கும் என் மகள் கையிலிருக்கும் கிரீன் கார்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன்.

1983இல் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளிக்கு எதிரில் ஒரு டீக்கடை. எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ், பெஞ்ச். சேரிக்காரர்களுக்குக் கூரையில் செருகிய அலுமினிய டம்ளர். அவர்களே எடுத்து, குடித்து, அவர்களே கழுவிச் செருக வேண்டும். குந்தி உட்கார்ந்து குடிக்க வேண்டும். காசு மட்டும் ஒரே காசு. நான் நாலு வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாக்கள் எனக்கு எதிரே மண்ணில் குந்தியிருக்க.

கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு 1950லேயே சொல்லிவிட்டது. அமெரிக்கச் சட்டத்துக்குப் பதினாலு வருஷம் முன்னால். நான் அதை வகுப்பில் நடத்தினேன். பாடப்புத்தக முன்பக்கத்தில் தீண்டாமைக்கு எதிராக அச்சடித்த வாசகத்தைத் தினமும் பிள்ளைகளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ஒருநாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, கிண்டலாக அல்ல, நிஜமாகவே சந்தேகமாகக் கேட்டான். "சார், நீங்க அந்தக் கடையிலதானே சார் டீ குடிக்கிறீங்க?"

நான் "உட்காரு, பாடத்தைப் பாரு" என்றேன். சாயந்திரம் அதே கடையில் டீ குடித்தேன்.

அவ்வளவுதான் கதை. நான் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. உட்கார்ந்திருந்தேன். கிரீன்ஸ்பரோ மாணவர்கள் உட்கார்ந்ததும் உட்கார்வதுதான். என் உட்கார்வும் உட்கார்வுதான். அலபாமாவில் அந்த ஆசிரியை ஷூ பெட்டிக் கதையைச் சொன்னபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் வந்தது. அவர்கள் கட்டுச்சோறு கட்டியது, கூட உட்காரவைக்க ஆளில்லாததால். நாம் கட்டியது, யாரோடும் கூட உட்காரக் கூடாது என்பதற்காகவும்தான். ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் பாதி நிஜம்.

இனி தங்குவது பற்றி. இரண்டாம் இரவு மிசிசிப்பியில் ஒரு சின்ன மோட்டல். உள்ளே போனதும் அகர்பத்தி வாசனை. கவுன்டரில் குஜராத்திப் பெண்மணி. பின்னால் அறையில் குக்கர் விசில். அமெரிக்க மோட்டல்களில் பெரும்பங்கு இன்று இந்தியர்கள் கையில், முக்கியமாகக் குஜராத்தி பட்டேல்கள் கையில் இருக்கிறது. குடும்பமே பின்னறையில் குடியிருந்து, படுக்கை விரிப்பு மாற்றுவதிலிருந்து கணக்கு எழுதுவது வரை தாங்களே செய்து வளர்ந்தவர்கள். மீரா நாயர் 1991இல் எடுத்த 'மிசிசிப்பி மசாலா' படம் இந்த மாதிரி ஒரு குடும்பத்தைப் பற்றியதுதான். கறுப்பின இளைஞனைக் காதலிக்கும் மகளை அந்தக் குடும்பம் என்ன பாடுபடுத்துகிறது என்று பாருங்கள். ஒரு காலத்தில் போட்டி மோட்டல்காரர்கள் 'அமெரிக்கர் நடத்துவது' என்று வாசலில் பலகை மாட்டி இவர்களிடம் போகாதே என்று சொன்னதுண்டு. பலகையில் நிறமில்லை, சாதியில்லை. ஆனால் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. அந்தப் பலகைக்கு வருத்தப்பட்ட நாமே, நம் வீட்டு வாடகைக்கு ஆள் தேடும்போது என்ன கேள்வி கேட்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அந்த அம்மா எங்களுக்கு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. காலையில் எங்கள் டப்பாவில் மீந்திருந்த புளியோதரையை அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

நான் எல்லாம் இனிக்க இனிக்கச் சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை. அந்தச் சின்ன ஊர்கள் கஷ்டத்தில் இருக்கின்றன. செல்மாவில் 1960இல் 28,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 18,000க்கும் குறைவு. 2023 ஜனவரியில் சூறாவளி வேறு அடித்துப் போட்டது. கடைத்தெருவில் நடந்தால் கண்ணாடிக்குப் பின்னால் தூசிதான். பல ஊர்களில் கோர்ட் வாசலில் அடிமை முறைக்காகப் போரிட்ட படையின் சிலை இன்னும் நிற்கிறது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டே அந்த ஆசிரியை போன்றவர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள். சாப்பாட்டிலும் எண்ணெய் அதிகம், டீயில் சர்க்கரை பாயசம் அளவுக்கு. சர்க்கரை நோயாளிகள் 'இனிப்பில்லாதது' என்று கேட்டு வாங்குங்கள்.

ஆனாலும் என் கருத்து இதுதான். அங்கே போகும் நம்மவர்கள் இன்டர்ஸ்டேட்டைவிட்டு இறங்க வேண்டும். ஒரு வேளையாவது ஊருக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளூர்க்காரர் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். அந்தக் காசு அந்த ஊரில் தங்கும் என்பது ஒரு காரணம். அந்த நாற்காலி சும்மா வந்ததல்ல என்பது பெரிய காரணம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வாத்தியார் புத்தி, மன்னிக்கவும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பதினோரு மணியிலிருந்து ஒன்றரைக்குள் போய்விடுங்கள். இரண்டு மணிக்குப் பல கடைகளில் சட்டியைக் கழுவிவிடுவார்கள். ஞாயிறு, திங்கள் மூடியிருக்கலாம், போன் போட்டுக் கேளுங்கள். சில இடங்களில் கார்டு எடுக்க மாட்டார்கள், ரொக்கம் வைத்திருங்கள். சைவம் என்றால் வெட்கப்படாமல் விவரமாகக் கேளுங்கள். "இறைச்சி இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது, "பன்றி எலும்பு, கொழுப்பு, கோழித் தண்ணீர் சேர்ந்ததா" என்று கேளுங்கள். கோபிக்க மாட்டார்கள்.

டிப்ஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி மாநிலங்களில் பரிமாறுகிறவருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991இல் நிர்ணயித்த தொகை, இன்னும் ஏறவில்லை. நீங்கள் வைத்துவிட்டுப் போகும் காசுதான் அவர்கள் சம்பளம். இருபது சதவீதம் வையுங்கள். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள்.

பாதுகாப்பா என்று கேட்பீர்கள். பகலில் போங்கள், இருட்டுவதற்குள் தங்குமிடம் சேருங்கள், பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். எங்களை ஓரிரு இடங்களில் முறைத்துப் பார்த்தார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆனால் பேசியவர்கள்தான் அதிகம்.

கடைசியாக, பேசுங்கள். போனைப் பையில் போட்டுவிட்டுப் பக்கத்து மேசைக்கு வணக்கம் சொல்லுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் அந்தப் பழைய பள்ளி இருக்கும் கிராமத்துக்குப் போனேன். டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. டம்ளர் செருகிய கூரை இல்லை. அந்தப் பையனை விசாரித்தேன். திருப்பூரில் இருப்பதாகச் சொன்னார்கள். நம்பர் வாங்கி வந்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. இந்தப் பதிவை எழுதி முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுதி முடித்துவிட்டேன்.

துணைவியார் என்ன சொல்கிறார் என்று சிலர் கேட்பீர்கள். அடுத்த மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். "புளிக்காய்ச்சல் கிளறட்டுமா?" என்று நான்தான் கேட்டேன். "வேணாங்க, வழியில எங்கயாவது உக்காந்து சாப்பிடுவோம்" என்றார்.

 உங்கள் ஊர் டீக்கடை அனுபவங்களையும் எழுதுங்கள். பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் எழுதுங்கள், மண்ணில் குந்தியவர்களும் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.